ஆறு நிமிட இருட்டு

மொக்கைச்சாமியின் கால்களை நைலான் கயிற்றால் கட்டினார்கள். மறுமுனையை ஆற்றங்கரை நாவல் மரத்தின் வேரில் முடிந்து, மேலே சருகை அள்ளிப் போட்டார்கள். கேமராவில் கண் வைத்துப் பார்த்தவர், "கயிறு தெரியலை" என்றார்.

1984, மாசி மாதம். அய்யனார் கோவில் ஆற்றுக்கு மேலே பதினாறு குடிசைகள் உள்ள பளியர் குடியிருப்பு. அங்கிருந்து ஒன்பது ஆண்களைக் கூட்டி வந்தவர் காசிராஜன். தேன், கடுக்காய், குங்கிலியம் என்று மலையில் எடுக்கிற எல்லாவற்றுக்கும் குத்தகைக்காரர். எடுக்கிற ஆட்களும் குத்தகையில் சேர்த்தி என்பது அவர் நினைப்பு. சினிமாக் கம்பெனிக்காரர்கள் காட்டுவாசிகள் வேண்டும் என்று கேட்டபோது, "எத்தனை உருப்படி?" என்றுதான் கேட்டார்.

வந்தவர்கள் வேட்டி சட்டையில் இருந்தார்கள். மேக்கப்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இதக் காட்டுவாசின்னு எவன் நம்புவான்?" உடுப்பை அவிழ்க்கச் சொன்னார். விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்து உடம்பெல்லாம் பூசினார்கள். இடுப்பில் இலை. தலையில் கோழி இறகு. கழுத்தில் கசாப்புக் கடையிலிருந்து வந்த எலும்பு, வீச்சம் போகவில்லை.

பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மொக்கைச்சாமியின் மகள் செல்லக்கனி. பன்னிரண்டு வயது.

"அம்மா, அவிய யாரு மாதிரி வேசம் போடுதாக?"

"நம்மள மாதிரி" என்றாள் வெள்ளத்தாய்.

கதாநாயகன் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். ஒன்பது பேரும் திரும்பிப் பார்க்காமல் மலைப்பக்கம் நடந்தார்கள். நடை கொஞ்சம் வேகமாயிற்று. பிறகு ஆளைக் காணவில்லை.

பளியர்கள் கை ஓங்கினவன் முன்னால் நிற்க மாட்டார்கள். புருஷன் கை ஓங்கினால் பெண்டாட்டி போய்விடுவாள். அண்ணன் ஓங்கினால் தம்பி போய்விடுவான். எட்டு நாளோ பத்து நாளோ கிழங்கு தோண்டித் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். வந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஓங்கின கைக்கு எதிரில் ஆள் இல்லாவிட்டால் அந்தக் கை என்ன செய்யும்? தானாகக் கீழே இறங்கும். அதைப் 'போறது' என்று சொல்வார்கள். வேறு பெயர் கிடையாது.

சண்டைக் காட்சி அமைக்கிற மாஸ்டருக்கு இது தெரியாது. கெட்ட வார்த்தையில் கத்தினார். காசிராஜன் தன் ஆட்களை ஏவினார். மூன்று பேர்தான் அகப்பட்டார்கள். அதில் மொக்கைச்சாமி அகப்பட்டது, மகள் பாறையிலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று திரும்பி வந்ததால்.

"கட்டிப் போடுங்க. பொறவு எங்க போவானுவ?" என்றார் காசிராஜன்.

உதை விழுந்ததும் இரண்டடி பின்னால் துள்ளிப் போய் விழ வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். கட்டின கால் எங்கே துள்ளும்? நெஞ்சில் விழுந்த உதைக்கு மொக்கைச்சாமி நின்ற இடத்திலேயே சுழன்று, பாறையில் முகம் அடிக்க விழுந்தார். பச்சை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. கரி பூசின முகத்தில் ரத்தமும் கறுப்பாகத்தான் ஒழுகியது.

"பிரமாதம்" என்றார் மாஸ்டர்.

தாடை இரண்டாகப் போயிருந்தது. கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்துப் பிழிந்து ஊட்டினாள் வெள்ளத்தாய். வாயில் சீழ் வைத்தது. சித்திரை கழிந்து நாலாம் நாள் மொக்கைச்சாமி செத்துப்போனார். குடியிருப்பே கிளம்பி மலைமேல் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தது. திரும்பி வந்தபோது காசிராஜன் தேன் டின்களோடு காத்திருந்தார்.

அடுத்த வருஷம் படம் ராஜபாளையத்துக்கு வந்தது. செல்லக்கனி சொந்தக்காரர்களோடு போய்ப் பார்த்தாள். ஒன்பது பேரும் திரும்பிப் போகிற இடத்தையும் சேர்த்திருந்தார்கள். அதற்குக் கோமாளி வருகிறபோது போடுகிற மேளத்தைப் போட்டிருந்தார்கள். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. "ஓடுதானுவ பாரு, தொடநடுங்கிப் பயலுவ" என்றான் பின்னாலிருந்த ஒருவன். பிறகு அந்த உதை. விசில் பறந்தது. "இன்னொண்ணு குடு!"

மொக்கைச்சாமிக்குப் போட்டோ கிடையாது. உலகத்தில் அவர் உருவம் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். கரி பூசி, காலைக் கட்டி, விழுந்துகொண்டு.

அதற்குப் பிறகு வீடியோ டெக் வந்தது. பொங்கல், கோவில் கொடை, பூப்புனித நீராட்டு என்று தெருவுக்குத் தெரு டிவியை வாடகைக்கு எடுத்துவந்து வைத்துப் படம் போட்டார்கள். சண்டைப் படம் என்பதால் அந்தப் படத்துக்கு நல்ல கிராக்கி. நெல்லிக்காய் விற்க ராஜபாளையம் வந்தால் எந்தத் தெருவிலாவது அப்பன் விழுந்துகொண்டிருப்பார். செல்லக்கனி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாள்.

தென்காசி ரோட்டில் ஞானதுரை ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார். அவருக்கு ஒரு சங்கடம். பெரிய வீட்டு ராஜுக்கள் கல்யாணத்தில் மணமகள் அறைக்குள் ஆண்களை விடுவதில்லை. லைட்டுப் பிடிக்க ஒரு பெண் வேண்டும். நெல்லிக்காய்க் கூடையோடு வாசலில் நின்ற செல்லக்கனியைக் கேட்டார். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வந்துவிட்டாள்.

லைட்டு அனலாய்க் கொதிக்கும். கை நடுங்கக் கூடாது. "ஏ பில்லா, இக்கட பட்டுக்கோ" என்று தெலுங்கில் அதட்டுவார்கள். லைட்டை அந்தப் பக்கம் திருப்புவாள். வெளிச்சம் முகத்தில் பட்டுக் கண் கூசினால் பாட்டிமார் கையில் கிள்ளுவார்கள். முழங்கைக்கு மேலே எப்போதும் நீலம் பாரித்திருக்கும். கிள்ளுவதைப் பொறுத்துக்கொண்டாள். கை ஓங்கினால் லைட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். ஒரு தடவை அறை இருட்டாகிப் பெண்ணின் நெற்றியில் பொட்டு கோணலாக விழுந்தது.

இரண்டு வருஷத்தில் கேமராவையும் கற்றுக்கொண்டாள். அறைக்குள் எடுக்க ஆள் வேண்டுமே. கேமரா ஓடுகிறபோது முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்து எல்லாரும் விறைத்து நிற்பார்கள். ஞானதுரை அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். "ஸ்டாண்டுல வச்சிட்டு நீ பாட்டுக்கு நில்லு. ஓடுதா இல்லையான்னு எவனுக்கும் தெரியாது. அப்பத்தான் மனுசன் மனுசனா இருப்பான்" என்பார்.

1992 வைகாசியில் சேத்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு முதல் மாலை போடவில்லை. தாலி கட்டி முடியவில்லை, நாற்காலி பறந்தது. ஒருவர் குத்துவிளக்கைப் பிடுங்கி இன்னொருவர் மண்டையில் இறக்கினார். சந்தனக் கிண்ணத்தில் ரத்தம். செல்லக்கனி ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த கேமராவை அப்படியே விட்டுவிட்டு வெளியேறி, பஸ்கூட ஏறாமல் ராஜபாளையம் வரை நடந்தாள்.

ஞானதுரை சாயங்காலம் கேமராவைச் சுமந்துகொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். ஒரு கீறல் இல்லை. ஆனாலும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"எங்க வீட்டை வித்தாலும் இந்தக் கேமரா வராதுட்டி! இத அந்தரத்துல விட்டுட்டா வருவ?" என்று கையை ஓங்கினார்.

செல்லக்கனி போய்விட்டாள்.

எட்டாம் நாள் ஞானதுரை பன் பொட்டலத்தோடு மலையேறி வந்தார். வேர்த்து ஊற்றியது.

"ஓங்கத்தானே செஞ்சேன்? அடிச்சேனா?"

"ஓங்கினா அடிச்ச மாதிரிதான் அண்ணாச்சி."

"அப்ப உங்க ஊர்ல கொசு அடிக்கக்கூடக் கையத் தூக்க மாட்டீயளா?"

"கொசு போயிரும். அதுக்குப் புத்தி இருக்கு."

ஞானதுரை சிரித்துவிட்டார். "வா தாயி. இனிமே கையைப் பையிலயே வச்சிக்கிடுதேன்."

சேத்தூர்க் கல்யாணம் முறிந்துபோனதால் அந்தக் கேசட்டைக் கேட்டு இரண்டு வீட்டாரும் வரவில்லை. அலமாரியில் கிடந்தது. யாரும் போட்டுப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வருஷம் ஆடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கேமரா சும்மா இருந்தது.

"ரெண்டு நாளைக்குக் கேமரா வேணும் அண்ணாச்சி. எங்க ஆளுகள எடுக்கணும்."

"ஆடுவாங்களா?"

"இல்ல."

"பாடுவாங்களா?"

"எப்பயாவது."

"பொறவு என்னத்த எடுப்ப?"

"இருக்கிறத."

ஞானதுரை தலையைச் சொறிந்தார். கேமராவும், சார்ஜ் ஏற்றின பேட்டரி இரண்டும், சேத்தூர்க் கேசட்டும் எடுத்துக் கொடுத்தார். "இதுமேலயே எடு. புதுசெல்லாம் தர முடியாது."

செல்லக்கனிக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பன் திரும்பிய அந்தத் திரும்பல். கொட்டகை சிரித்த திரும்பல். அதைச் சிரிக்க முடியாதபடி ஒரு தடவை காட்ட வேண்டும். செத்தவரைக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தத் திரும்பல் ஊரில் எல்லார் உடம்பிலும் இருந்தது.

கண்ணில் கேமராவை வைத்துப் பார்த்தால் குறி பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஆட்கள் நகர்ந்துகொண்டார்கள். அதனால் பாறைப் பொந்தில் உன்னிச் செடிக்குப் பின்னால் கேமராவை வைத்து ஓடவிட்டாள். அம்மா கம்பியால் கிழங்கு தோண்டினாள். சங்கையா என்ற பெரியவர், கிழிந்த சட்டைக்குப் பித்தான் தைத்தார். ஊசி கோக்க முடியாமல் ஊசியைத் திட்டினார். இரண்டு பெண்கள், அதில் ஒருத்தியின் மாமியாரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டதால் இரண்டு நாளும் யாரும் தேனெடுக்கப் போகவில்லை. இரண்டாம் நாள் உச்சிப் பொழுதில் காசிராஜன் மூங்கில் பிரம்போடு வந்து சேர்ந்தார்.

"ஏலே, மயிரான் மக்கா, இது என்ன சத்திரமா? டின்னு அம்புட்டும் காலியாக் கெடக்கு."

சங்கையா எழுந்தார். பிரம்பு அவர் முதுகில் இறங்கியது. தைத்த சட்டை மறுபடி கிழிந்தது. சங்கையா ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு திரும்பினார். நடந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளத்தாய் கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நடந்தார்கள். பிள்ளைகள், நாய் எல்லாம் போயிற்று. கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்ற செல்லக்கனியும் அதன் முன்னால் குறுக்கே நடந்து அவர்களோடு போனாள்.

காட்டுக்குள் கால் மணி நேரம் போயிருப்பாள். கேமரா ஞாபகம் வந்தது. அந்த ஆள் அதைப் பார்த்தால் பாறையில் அடித்து உடைப்பான். எடுத்தது எல்லாம் போய்விடும். அப்பன் ஒரு முறை திரும்பி வந்தார், அவளுக்காக. அவள் கேமராவுக்காகத் திரும்பினாள்.

காசிராஜன் இன்னும் அங்கேதான் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"எங்கட்டி எல்லாரும்?"

பொந்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். முடியைப் பிடித்து இழுத்தார். பிரம்பு கழுத்தில் விழுந்தது, தோளில் விழுந்தது, தடுத்த கைவிரலில் விழுந்தது. நடு விரல் பின்பக்கமாக மடங்கியது. போவதற்கு எல்லாத் திசையும் திறந்து கிடந்தது. அவள் போகவில்லை. போனால் அவர் ஓர் எட்டு முன்னால் வைப்பார், பொந்து தெரியும். பிரம்பு நுனி பிளந்து கன்னத்தைக் கிழித்தது. நின்றாள். அடி வாங்கியும் போகாத ஒரு பளிச்சியை அவர் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். அது அவர் வெறியைக் கூட்டிற்று. கை ஓயும்வரை அடித்தார். பிறகு மூச்சு வாங்க, பிரம்பை எறிந்துவிட்டு இறங்கிப் போனார்.

பேட்டரி தீரவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி எடுத்துக்கொண்டு, மடங்கின விரலைத் துணியால் சுற்றி, ராஜபாளையம் வந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், குடியிருப்பிலிருந்து பதினான்கு பேர் ஸ்டுடியோவின் பின்னறையில் உட்கார்ந்தார்கள். ஞானதுரை எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்து டெக்கைப் போட்டார்.

தங்களைக் கண்டதும் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு ஊசியோடு சங்கையா பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். சங்கையாவும் சிரித்தார். பிரம்பு விழுந்தது. அறை அமைதியாயிற்று. டிவிக்குள் சங்கையா திரும்பி நடந்தார்.

"உங்கப்பாவும் இப்படித்தான் திரும்புவாக. எடது தோளு முன்னால போகும்" என்றாள் வெள்ளத்தாய்.

ஒவ்வொருவராகப் போய் இடம் காலியாயிற்று. காசிராஜன் மட்டும் நின்றார். கத்தினார். பானை ஒன்றை உதைத்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பின்பக்கம் ஏதோ சலசலத்ததும் திடுக்கிட்டுத் திரும்பினார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். பெரிய காட்டில் சின்ன ஆளாகத் தெரிந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரோ 'உச்' கொட்டினார்கள், அவருக்காகத்தான்.

அப்புறம் செல்லக்கனி வந்தாள். நின்றாள். அடி விழுந்தது. இன்னும் நின்றாள்.

சங்கையா எழுந்தார். கலர் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஞானதுரை பதறினார். "எங்க போறீய? படம் முடியல!" பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள்.

வெள்ளத்தாய் மட்டும் வாசலில் நின்றாள்.

"உங்கப்பனைக் கட்டிப் போட்டாக. உன்னைய யாருட்டி கட்டிப் போட்டா?"

செல்லக்கனி டெக்கை நிறுத்தினாள்.

ஞானதுரைக்கு வேறு யோசனை. "இது சாட்சி. இந்த ஆளை உள்ள தள்ளிரலாம்" என்று மறுநாளே அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் தெரிந்த வக்கீல் இருந்தார். நல்ல மனிதர். காசு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேசட்டைப் போட்டுப் பார்த்தார். அடி வந்த இடத்தில் குமாஸ்தாவை நிறுத்தச் சொன்னார். திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும்.

"முன்னால வர்ற நடமாட்டமெல்லாம் வேண்டாம்மா. இத்தனை பேர் இருந்தும் ஒருத்தன்கூடத் தடுக்கலையான்னு கேப்பாங்க. அவங்க பாட்டுக்குப் போறதப் பார்த்தா கோர்ட்டே சிரிக்கும். அடி மட்டும் போதும். அத மட்டும் தனியா எடுத்திரலாம்."

குமாஸ்தா மூன்றாவது முறை ஓட்டினான். "சரியான அடி சார். சினிமா மாதிரி விழுது."

செல்லக்கனி எழுந்து, டெக்கில் பொத்தானை அமுக்கிக் கேசட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஞானதுரை தெருவில் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அவன் சும்மா போயிருவான்ட்டி!"

"என் விரலைக் காட்டுதேன் அண்ணாச்சி. கன்னத்தக் காட்டுதேன். கேஸு போடுங்க. படத்தத் தர மாட்டேன்."

"ஏன்?"

"எங்கப்பன் ஒரு படத்துல இன்னமும் உதை வாங்கிக்கிட்டு இருக்காரு. நானும் ஒண்ணுல வாங்கிக்கிட்டே இருக்கணுமா?"

விரலையும் கன்னத்தையும் வைத்துப் போட்ட கேஸ் இரண்டு வருஷம் இழுத்துத் தள்ளுபடி ஆயிற்று. சாட்சி இல்லை.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே அவள் கேமராவின் கண்ணை மூடியால் மூடினாள். கேசட்டைப் போட்டு, தான் திரும்பி வருகிற இடத்தில் நிறுத்தினாள். ரெக்கார்டு பொத்தானை அமுக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆறு நிமிடம். ஞானதுரை வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. கைகள் பையில் இருந்தன.

ஆவணி பிறக்கும் முன்னால் அவர்களை மறுபடி கூப்பிட்டாள். வந்தார்கள். ஊசிக்குச் சிரித்தார்கள். பிரம்புக்கு அமைதியானார்கள். தாங்கள் போவதைப் பார்த்தார்கள். காசிராஜன் தனியாகக் கல்லில் உட்கார்ந்தார். பிறகு இருட்டு.

"டெக்கு கெட்டுப்போச்சுன்னு நெனைக்கப் போறாங்க" என்று ஞானதுரை காதில் சொன்னார். யாரும் அப்படி நினைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். போய்த் திரும்பி வந்தவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. ஒருவரும் கேட்கவில்லை. யாரோ இருமினார்கள். தெருவில் ஒரு லாரி போயிற்று.

ஆறு நிமிடம் கழிந்ததும் டிவித் திரையில் வெள்ளைப் பொறி பறந்தது. திடீரென்று மேளச் சத்தம். சேத்தூர் மண்டபம். பழைய கல்யாணப் பதிவில் செல்லக்கனி அழித்து எழுதாமல் விட்ட வால். அவளே அதைப் பார்த்ததில்லை. நிறுத்த எழுந்தவளை வெள்ளத்தாய் கையைப் பிடித்து உட்கார்த்தினாள்.

பட்டு வேட்டிக்காரர்கள் நாற்காலியால் அடித்துக்கொண்டார்கள். குத்துவிளக்கு மண்டையில் இறங்கியது. விழுந்தவன் எழுந்து மறுபடி அடிக்கப் போனான். ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியோடு தோலும் வந்தது. குடியிருப்புக்காரர்கள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். அங்கே யாரும் நகரவில்லை. எல்லாரும் நின்று நின்று வாங்கினார்கள்.

"இவியளுக்குப் போறதுக்கு இடம் இல்லையா?" என்றாள் வெள்ளத்தாய்.

"வாசக்கதவு தொறந்துதான கெடக்கு" என்றார் சங்கையா.

கேமராவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குறுக்கே வந்தாள். உடைந்த நாற்காலியைத் தாண்டினாள். ரத்தத்தில் கால் படாமல் ஒதுங்கினாள். எங்கும் பார்க்காமல், இடது தோள் முன்னால் போக, திறந்த கதவு வழியாக வெயிலுக்குள் இறங்கினாள்.

"அது யாரு?" என்றது ஒரு பிள்ளை.

"நம்ம புள்ள" என்றாள் வெள்ளத்தாய்.